மன்னாரில் நான் சாப்பிடாத நண்டு

நம் சங்கத் தலைவர் தங்கதுரை, வேலை நாள் ராத்திரியில் வெளியூர்க் கடையில் தனியாக உட்கார்ந்து ஒருவேளை சோறு தின்றதே கிடையாது. தின்றிருந்தால் நம் ரேட் அட்டையில் அந்த வரி இருந்திருக்காது. 'வேலை நாளில் தனி ஆள் ராத்திரிச் சாப்பாடு: இருநூறு ரூபாய். மேலே போனால் கைக்காசு.' ஐஸ் பிளான்ட் மெக்கானிக் ஒவ்வொருவர் பையிலும் அந்த ரோஸ் நிற அட்டை இருக்கிறது. அடியில் தலைவர் கையெழுத்து இருக்கிறது. அவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய், கைலி மாற்றிக்கொண்டு, தட்டு முன்னால் உட்காருகிற மனிதர். அவருக்கு என்ன தெரியும்?

சங்க மலருக்கு மன்னார் பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அங்கே கோட்டை பார்க்கவும் போகவில்லை, கோயில் கும்பிடவும் போகவில்லை. ஒரு ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் படுத்துவிட்டது. அதை எழுப்பப் போனேன். பகலில் கம்ப்ரசரைப் பார்த்தேன், ராத்திரியில் சாப்பாட்டைத் தேடினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதைத்தான் எழுத முடியும்.

திங்கட்கிழமை போய் இறங்கினேன். பிளான்ட் முதலாளி நல்ல மனிதர். மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வரும், ராத்திரி டவுனில் பிடித்ததைச் சாப்பிடலாம், பில்லை மட்டும் கொடுத்தால் போதும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நமக்கென்று விதி இருக்கிறது என்று ரோஸ் அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இதென்ன, கூப்பன் அட்டையோ?" என்று கேட்டார். ரேஷன் கார்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் இருநூறு ரூபாய்க்கு ஒரு பைசா மேலே வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். இலங்கைக் காசில் அது ஏறக்குறைய எழுநூறு.

அன்று ராத்திரி முதலில் கண்ணில் பட்டது ஏசி போட்ட ஓட்டல். உள்ளே போய் மெனு அட்டையைப் புரட்டினேன். நண்டுக் குழம்பு மூவாயிரத்து இருநூறு என்று இருந்தது. நம் ஊர் ரூபாய் என்று நினைத்து எனக்கு வேர்த்துவிட்டது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, போன் வந்தது மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் தொள்ளாயிரம் சொச்சம் வந்தது. வெளியே வந்தது சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. உட்கார்ந்த உடனே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். அதில் றோல்ஸ், கட்லட், மீன் அடைத்த பற்றிஸ், உளுந்து வடை எல்லாம் சேர்த்து ஒன்பது உருப்படி. நான் ஒன்றையும் கேட்கவில்லை. நம் ஊரில் கேட்காமல் வைக்கிற தண்ணீர் பாட்டிலுக்கும் அப்பளத்துக்கும் பில் போடுகிற கடைகளை எனக்குத் தெரியும். தொட்டாலும் காசு, தொடாவிட்டாலும் காசு. என்னையா ஏமாற்றுகிறாய் என்று ஒன்பதையும் தின்றேன். ஆறாவதிலேயே வயிறு போதும் என்றது. மீதி மூன்றை ஆத்திரத்தில் தள்ளினேன்.

பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பரிமாறியவரிடம் என்னவென்று கேட்டேன். அவர் தயங்கினார். வற்புறுத்தியதும், "மனுசன் தட்டையும் சாப்பிட்டிடுவாரோ எண்டு பாக்கினம்," என்றார். பிறகு காலித் தட்டைப் பார்த்து, "முழுக்க முடிச்சிட்டீங்களோ ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பில் தொள்ளாயிரத்து எண்பது. சண்டை போட்டேன். அப்போதுதான் சொன்னார்கள். தட்டை எல்லோருக்கும்தான் வைப்பார்கள். வேண்டியதை எடுத்துத் தின்ன வேண்டும். மீதியைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள். வைத்ததற்குக் காசு கிடையாது, சாப்பிட்டதற்குத்தான் காசு. அந்த ஊரில் அதுதான் பழக்கமாம். ஐம்பத்து நாலு வயதில் வடைத் தட்டின் முன்னால் இதைக் கற்றுக்கொண்டேன். எழுநூறுக்கு மேலே போன இருநூற்று எண்பது என் கைக்காசு.

செவ்வாய்க்கிழமை பிளான்ட்டிலிருந்து திரும்ப ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் மரியதாஸ். நாற்பது வயது இருக்கும். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கழுதை நடுத்தெருவில் நின்றுவிட்டது. நம் ஊர் ஆட்டோக்காரர் என்றால் அதன் பரம்பரையையே இழுத்திருப்பார். மரியதாஸ் ஹாரன்கூட அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கத்தினேன். கழுதை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்த லாரியையும் மறித்துக்கொண்டு நன்றாகக் குறுக்கே நின்றது.

காத்திருந்த நேரத்தில், எழுநூறுக்குள் ராத்திரிச் சோறு எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"என்ர மனுசி ஒரு கடை வச்சிருக்கிறா," என்றார். "ஆனால் போகாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்."

ஏன் என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி பெயர் ஜெசிந்தா. பகல் கடை நன்றாகவே ஓடுகிறது. மூன்று வாரமாக ராத்திரியும் திறக்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். ஆள் வருவதில்லை. காஸ் எரிகிறது, மீன் வீணாகிறது, விடியற்காலை எழும்புகிறவள் ராத்திரி வரை நிற்கிறாள். "வேலை நாளில எங்கட சனம் வீட்டில புட்டுத்தான் அவிக்கும். ஆர் கடைக்கு வருவினம்?" கடைசியில் புருஷனும் மனைவியும் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஆளாவது வந்து சாப்பிட வேண்டும். ஒரு ராத்திரி கதிரைகள் (நாற்காலியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) காலியாக இருந்தால் ராத்திரிக் கடை முடிந்தது. திங்கட்கிழமை ஒரு லாரிக்காரர் வந்து அவளைக் காப்பாற்றிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மரியதாஸ் அந்த லாரிக்காரர் மேல் கோபமாக இருந்தார்.

போகாதே என்று சொன்னால் போகிற ஆள் நான். போனேன்.

நாலு மேசை, பிளாஸ்டிக் கதிரைகள், வாசலில் 'பகல், இரவுச் சாப்பாடு உண்டு' என்று பலகை. ஜெசிந்தா முப்பத்தைந்து வயதுப் பெண். உட்காருவதற்கு முன்பே எவ்வளவு என்று கேட்டேன். பொரித்த மீனோடு சோறு எண்ணூறு என்றாள். அநியாயம் என்றேன். எங்கள் ஊரில் மீன் சாப்பாடு நூற்றிருபதுக்குக் கிடைக்கும் என்றேன். நான் சொன்னது என்ன காசு, அவள் சொன்னது என்ன காசு என்ற யோசனையெல்லாம் எனக்கு வரவில்லை. அவள் கோபப்படவில்லை. என் பேச்சைக் கேட்டதும் அவள் முகமும் பேச்சும் ஒரே நேரத்தில் மாறின.

"தூத்துக்குடியாண்ணே? எனக்கு அப்பவே தெரிஞ்சுது. நானும் தமிழ்நாட்டுலதாண்ணே வளந்தேன். திருவண்ணாமலை பக்கம், அகதி கேம்ப்ல."

கைக்குழந்தையாகப் படகில் தூக்கிப் போனார்களாம். கல்யாணத்துக்கு முன்தான் திரும்பி வந்தாளாம். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடையில் அவள் அம்மா பாத்திரம் கழுவினார். ராத்திரி ஏழு மணிக்குமேல் அந்தக் கடை நிரம்பி வழியும். தனி ஆட்கள்தான் அதிகம். லாரிக்காரர்கள், மருந்து விற்கிறவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். அதைப் பார்த்துப் பார்த்து, நாமும் ஒரு நாள் ராத்திரிக் கடை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாளாம். "இங்க ஏழு மணிக்கே தெருவைச் சுருட்டி வச்சிடுறாங்கண்ணே. ராத்திரி ஒரு மனுஷன் பசியோட நடந்தா எங்க போவான்?"

நான் மீனை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு அறுநூறு என்றாள். பருப்பும் கத்தரிக்காயும் குழம்பும் விட்டுச் சாப்பிட்டேன். எனக்குப் பொரித்த மீன் துண்டை, என்னை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய மரியதாஸ் எதிர் மேசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே தின்றார். நன்றாக மொறுமொறுவென்று இருந்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

ஆனால் குழம்பு என்னைக் கவிழ்த்துவிட்டது. கை கழுவும்போது எனக்குப் பெரிய மனுஷன் நினைப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு நண்டு வைம்மா," என்றேன். "தூத்துக்குடிக்காரன் மன்னார் வந்து நண்டு தின்னாமப் போனா கேவலம்."

"நிஜமாவாண்ணே? எத்தனை மணிக்கு?"

"ஏழரை."

வாழ்க்கையில் விலை கேட்காமல் நான் சாப்பாடு சொன்னது அந்த ஒரு முறைதான். நம் ஊரில் ஓட்டல்காரரிடம் நாளைக்கு அது வை, இது வை என்று சொல்வோம். அவரும் தலையாட்டுவார். நமக்காக யாரும் சந்தைக்குப் போவதில்லை. மரியதாஸ் மட்டும் மீன் முள்ளைத் தட்டில் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

புதன்கிழமை கம்ப்ரசரின் ஷாஃப்டைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. லேத் பட்டறை மன்னார் தீவைத் தாண்டி, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் இருந்தது. பட்டறைக்காரர் வயல் வேலைக்குப் போயிருந்தார். அவர் வருகிற வரைக்கும் என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். ராசவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். அவர் வந்த பிறகு சோறு போட்டார்கள். அவர்கள் வயல் நெல்லாம், சிவப்புச் சோறு, அதன்மேல் நல்லெண்ணெய் விட்ட கத்தரிக்காய்க் குழம்பு. வேண்டாம் என்று கையை நீட்டினால் கைக்கு மேலேயே போட்டார்கள். காசு கொடுத்தபோது வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓசிச் சோறு என்று தெரிந்ததும் என் வயிறு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏழு மணிக்கு லாட்ஜ் அறையில் உட்கார்ந்தேன். பசி பாதிதான் இருந்தது. முந்தாநாள் பார்த்த மூவாயிரத்து இருநூறு ஞாபகம் வந்தது. ஜெசிந்தா கடையில் பாதிதான் இருக்கும் என்று வைத்தாலும் ஆயிரத்து ஐந்நூறு வரும். எழுநூறு போனால் எண்ணூறு கைக்காசு. தனி ஆள், புதன்கிழமை, பிறந்த நாளும் இல்லை, தீபாவளியும் இல்லை. எதற்கு நண்டு? மேசைமேல் ரோஸ் அட்டை கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு முட்டை ரொட்டியும் ஒரு டீயும் சாப்பிட்டேன். நானூற்றிருபது. ஜெயித்த மாதிரி இருந்தது. அறைக்குத் திரும்பும்போது ஜெசிந்தா கடை இருக்கிற தெருவை விட்டுவிட்டு மீன் சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போனேன். ஆகவே மறந்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. பந்தயம் எனக்குத் தெரியும். ஏழரை என்று சொன்னதும் எனக்குத் தெரியும். வேறு யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்தேன். கழுதை ஒன்று ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தியது. அதையும் திட்டினேன்.

வியாழக்கிழமை மதியம் கம்ப்ரசர் ஓடியது. நின்ற நாளில் கரைந்த ஐசுக்கெல்லாம் சேர்த்து முதலாளி சந்தோஷப்பட்டார். அந்தத் தைரியத்தில் மாலை ஏழு மணிக்கு நேராக ஜெசிந்தா கடைக்குப் போனேன். இன்றைக்கு நண்டு தின்பது, எவ்வளவு ஆனாலும் கொடுப்பது, நேற்று வேலை என்று சொல்லிவிடுவது. மூன்றையும் வழியிலேயே தீர்மானித்துவிட்டேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கதிரைகள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜெசிந்தா தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து உள்ளே போனதும் நிமிர்ந்தாள்.

"கடை பூட்டியாச்சு ஐயா," என்றாள்.

இரண்டு நாளைக்கு முன் அண்ணே. இன்றைக்கு ஐயா. திருவண்ணாமலைத் தமிழை மடித்து உள்ளே வைத்துவிட்டு, புருஷன் பேசுகிற மாதிரியே என்னிடம் பேசினாள்.

நேற்று பிளான்ட்டில் வேலை முடிய நேரமாகிவிட்டது என்றேன்.

"ஓம், வேலை எண்டால் அப்பிடித்தானே. எட்டரை வரைக்கும் பாத்தனான். பிறகு அவர் வந்து கதிரையளைக் கவிட்டு வச்சிட்டார்."

"வேற யாரும் வரலியா?"

"இல்லை."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் துடைப்பத்தை எடுத்து மீண்டும் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் என் செருப்பு வரை வந்தது. நான் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினேன். நண்டுக்கு எவ்வளவோ அதை எடுத்துக்கொள் என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு காசை இவ்வளவு வேகமாக நான் யாருக்கும் நீட்டியதில்லை.

அவள் காசைப் பார்க்கவே இல்லை. "வச்சதுக்கு நாங்கள் காசு வாங்கிறேல்லை ஐயா. சாப்பிட்டதுக்குத்தான்."

திங்கட்கிழமை டீக்கடையில் இந்த விதியைக் கேட்டபோது, எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று நினைத்தேன். இப்போது அதே விதி என் கையைப் பிடித்துத் திரும்பப் பையில் போட்டது. அந்த ஊரில், தின்னாத நண்டுக்குக் காசு கொடுக்க எனக்கு வழியே இல்லை.

திரும்பிப் போகக் குனிந்தேன்.

"நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். ஒரு கதிரையை இறக்கி ஈரம் துடைத்துப் போட்டாள். அரை றாத்தல் பாணும் (நம் ஊர் பிரட்தான்) ஒரு கிண்ணத்தில் சுடவைத்த குழம்பும் கொண்டுவந்தாள். நேற்றைய நண்டுக் குழம்பு. முருங்கை இலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, சிவப்பாக, கெட்டியாக இருந்தது. நண்டை நேற்று ராத்திரியே பிள்ளைகள் தின்றுவிட்டார்களாம். தேடியதில் ஒரு கால் நுனி அகப்பட்டது. அதை வாயில் போட்டு ஓடு நொறுங்க உறிஞ்சினேன். அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் உறிஞ்சினேன். அவள் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு நண்டுக் குழம்பை நான் தின்றதில்லை. கிண்ணத்தைப் பாணால் வழித்துத் தின்றேன்.

எவ்வளவு என்றேன்.

"பாணுக்கு அறுபது. குழம்புக்கு நாப்பது. நூறு."

"அந்த நண்டுக் காலுக்கு?"

"அது நாங்கள் எறியிறது ஐயா."

ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன். மீதி நானூறையும் எண்ணி என் கையில் வைத்தாள். இனி ராத்திரிக் கடை என்ன ஆகும் என்று கேட்டேன். இனிப் பகல் மட்டும்தான் என்றாள். சொன்ன சொல்லை மாற்ற முடியாது, பந்தயம் கட்டியது தான்தான் என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். ஷட்டரை எனக்காகத் தூக்கிப் பிடித்து, "தலையப் பாத்துப் போங்கோ," என்றாள். அப்படியும் இடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஊருக்குக் கிளம்பினேன். லாட்ஜ் வாசலில் மரியதாஸ் ஆட்டோவோடு நின்றார். என்னை அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சிரித்த முகமாகப் பையை வாங்கி வைத்தார். போகிற வழியில் கடையைத் தாண்டினோம். பலகையில் 'இரவு' என்ற சொல்லின் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"நீங்கள் புதன்கிழமை வராமல் விட்டது பெரிய உதவி ஐயா," என்றார் மரியதாஸ். "நான் சொன்னால் கேக்கமாட்டா. இனி ராவில நிம்மதியாப் படுப்பா."

இறங்கியதும் எவ்வளவு என்றேன். காசு வேண்டாம் என்று கும்பிட்டார். திணித்தேன். திரும்ப என் பையில் திணித்தார். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் இரண்டு பேரும் காசோடு மல்லுக்கட்டினோம். அவர் என்னைவிடப் பலசாலி. ஓசியில்தான் வந்தேன். அவள் படுத்தாளா, நிம்மதியாகப் படுத்தாளா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது அட்டைக்கு வருகிறேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று ராத்திரியும் நான் விதிக்குள்தான் சாப்பிட்டேன். வியாழக்கிழமை செலவு நம் காசுக்கு முப்பது ரூபாய்கூட வராது. நம் சங்க வரலாற்றிலேயே குறைந்த செலவில் ராத்திரிச் சாப்பாடு முடித்தவன் நானாகத்தான் இருப்பேன். எனக்குச் சால்வை போட வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எழுந்து சொல்வார்கள். அந்த வரியை அட்டையில் போடும்போது தலைவர் முந்நூறு என்றுதான் சொன்னார். "தனியாத் திங்கிறவனுக்கு எதுக்கு முந்நூறு?" என்று கூட்டத்தில் எழுந்து கத்தி, இருநூறாகக் குறைக்க வைத்த ஆள் நான்தான். கை தட்டினார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் நன்றாக வந்தது.

இருந்தாலும் கையெழுத்து தலைவருடையது. கத்துகிறவன் கத்துவான், கையெழுத்துப் போடுகிறவர் யோசித்திருக்க வேண்டும். ஆகவே வருகிற பொதுக்குழுவில் தங்கதுரை அவர்கள் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை நாள் ராத்திரி. தனி ஆள். நண்டு வை என்று சொல்லிவிட்டு, வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்ப் படுத்துக்கொண்டவன். காசை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த வழியில் கொடுக்க வேண்டும்? தொகையைச் சொல்லுங்கள் தலைவரே. நான் முன்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன்.